அரசு டெண்டர்: விலை உறையைத் திறக்கும் முன்பே ஏன் தோற்கிறோம்?

நாற்காலி செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். சரக்கு தரமானது, பெரிய கம்பெனிகளைவிட விலையும் குறைவு. ஓர் அரசுத் துறை 400 நாற்காலிகள் வாங்க டெண்டர் விடுகிறது. பட்டறைக்காரரும் கணக்குப் போட்டு, விலை எழுதி அனுப்புகிறார். சில வாரங்கள் கழித்து, அவரைவிட அதிக விலை கேட்டவருக்கு ஆர்டர் போய்விட்டது என்று தெரியவருகிறது. "எல்லாம் முன்னாடியே பேசி முடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு அவர் டெண்டர் பக்கமே திரும்புவதில்லை.

பேசி முடித்த டெண்டர்கள் உலகத்தில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இப்படித் தோற்பவர்களில் பலருக்கு நடந்தது வேறு. அவர்களுடைய விலை உறையை யாரும் திறக்கவே இல்லை. மூன்று ஆண்டுகளின் தணிக்கைக் கணக்கு கேட்ட இடத்தில் இரண்டு ஆண்டுக் கணக்கை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து கேட்டிருக்க, ஒரு பக்கம் விடுபட்டிருக்கும். விலை குறைவா கூடுதலா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அந்தத் திறக்கப்படாத உறையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அரசு ஏன் இப்படி வாங்குகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். சொந்தக் கடை வைத்திருப்பவர் யாரிடம் சரக்கு எடுத்தாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இந்த ஆள் நம்பகமானவர், எனக்குத் தெரியும்" என்ற ஒரே காரணம் போதும். அரசு அதிகாரி செலவழிப்பது ஊர்ப் பணம். அதுவும் சின்னத் தொகை அல்ல. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. நாடுகளில், அரசு பொருளும் சேவையும் வாங்கச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 12 முதல் 13 சதவீதம். ஆகவே எந்த முடிவுக்கும் எழுத்தில் காரணம் வேண்டும். பின்னால் தணிக்கைக்காரர் கோப்பைப் புரட்டுவார், தோற்றவர் வழக்குப் போடலாம்.

"ஒரு கையெழுத்துதானே, மனசு வைத்து விட்டுவிடக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்த அறையில் இல்லாத ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு வேண்டும் என்பதைப் படித்துவிட்டு, தன்னிடம் இரண்டு ஆண்டுக் கணக்குதான் இருக்கிறது என்று விண்ணப்பிக்காமலே ஒதுங்கிய இன்னொரு பட்டறைக்காரர் இருப்பார். உங்களுக்காக விதியைத் தளர்த்தினால் அது அவருக்குச் செய்யும் துரோகம். சிறு எழுத்துப் பிழைகளையும் கூட்டல் தவறுகளையும் விளக்கம் கேட்டுச் சரிசெய்யப் பல நாட்டு விதிகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் அதை நம்பி டெண்டர் போடக் கூடாது.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. பிரிட்டனின் புதிய கொள்முதல் சட்டம் 2023-இல் நிறைவேறி, 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விதிப் புத்தகம் நாட்டுக்கு நாடு மாறினாலும் வேலை நடக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். என்ன வேண்டும் என்று அறிவிப்பார்கள். வந்தவர்களில் தகுதி இல்லாதவர்களை முதலில் கழிப்பார்கள். மிஞ்சியவர்களின் பொருளையோ திட்டத்தையோ சோதிப்பார்கள். கடைசியாகத்தான் விலை. தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதன் காரணம் இதுதான். முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறை மூடியபடியே கிடக்கும்.

டெண்டர் ஆவணத்தை எந்த வரிசையில் படிப்பது

எண்பது பக்க ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் பத்தாவது பக்கத்தில் சோர்ந்துவிடுவீர்கள். முதலில் தகுதி நிபந்தனைகளுக்குப் போங்கள்: ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு இருக்க வேண்டும், இதேபோன்ற வேலையை முன்பு எத்தனை முறை செய்திருக்க வேண்டும், என்னென்ன பதிவுகள் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், அதற்கு விலக்கும் இல்லையென்றால், ஆவணத்தை மூடிவிடலாம். அடுத்தது, பணம் எப்போது வரும், தாமதத்துக்கு என்ன அபராதம் என்ற பகுதி. அதன்பிறகு பொருளின் விவரக்குறிப்பு. இந்த மூன்றையும் படித்தாலே போடலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

"வேண்டாம்" என்று முடிவெடுக்கப் பழகுவது மிக முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கிடைக்கிற டெண்டருக்கெல்லாம் போட்டு, ஒவ்வொன்றையும் அரைகுறையாக நிரப்பி, எல்லாவற்றிலும் கழிக்கப்படுவதைவிட, பத்தைப் பார்த்துவிட்டு இரண்டுக்கு மட்டும் முழுக்கவனத்தோடு போடுவது மேல். சிறு நிறுவனத்தில் டெண்டர் நிரப்புகிறவரும் பட்டறையை ஓட்டுகிறவரும் ஒரே ஆள்தான். அவருடைய நேரம்தான் அங்கே மிக அரிதான முதலீடு.

போடுவது என்று முடிவெடுத்துவிட்டால், ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஆவணத்தில் "வேண்டும்" என்று முடிகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் இடப்பக்கம் எழுதுங்கள். அதற்கான ஆதாரம் உங்கள் விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வலப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் ஒரு வரி காலியாக இருந்தாலும் உறையை ஒட்டக் கூடாது. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆள் இருப்பார், சிறியவர்கள் மனக்கணக்கில் ஓட்டுவார்கள். இரண்டு தரப்புக்கும் இடையிலான வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாளையே விண்ணப்பத்தின் முன்பக்கமாக வைத்துவிட்டால், சரிபார்க்கும் அதிகாரிக்கும் வேலை சுலபம். நூறு பக்கத்தில் தேடி ஒரு சான்றிதழைக் கண்டுபிடிக்க முடியாமல் "இணைக்கப்படவில்லை" என்று அவர் எழுதிவிடும் ஆபத்தும் குறையும்.

விவரக்குறிப்பில் ஏதாவது புரியவில்லையா? கேளுங்கள். பெரும்பாலான டெண்டர்களில் கேள்வி கேட்க ஒரு கடைசித் தேதி இருக்கும். பெரிய வேலைகளுக்கு முன்கூட்டியே ஒரு கூட்டமும் நடத்துவார்கள். கேள்வி எழுத்தில் இருக்க வேண்டும். பதில் உங்களுக்கு மட்டும் வராது, எல்லோருக்கும் போகும். தேவைப்பட்டால் திருத்த அறிவிப்பாகவும் வெளியாகும். ஒரே ஒரு கம்பெனியின் மாடலை வைத்து எழுதியதுபோல் விவரக்குறிப்பு இருந்தால், அதைச் சொல்ல வேண்டிய நேரமும் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை, குறிப்பிட்ட பிராண்டைச் சொல்வதைப் பொதுவாகத் தடுக்கிறது. வேறு வழியில்லாமல் சொல்ல நேர்ந்தாலும் "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்த்தாக வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு எழுப்பும் புகாரைவிட, கெடு முடியும் முன் மரியாதையாகக் கேட்கும் ஒரு கேள்விக்குப் பலன் பல மடங்கு.

சமர்ப்பிப்பது இன்று பெரும்பாலும் இணையத்தில்தான். சிங்கப்பூரின் ஜீபிஸ் 2000-இலும், தென்கொரியாவின் கோனெப்ஸ் 2002-இலும், இந்தியாவின் ஜெம் தளம் 2016-இலும் வந்தன. டெண்டர் இருப்பதே தெரியாமல் போகிற காலம் இதனால் வெகுவாகக் குறைந்தது, நல்லது. ஆனால் இணையத்தில் கெடு என்றால் கெடுதான். தளத்தின் கடிகாரம் சொல்லும் நேரம்தான் நேரம். கடைசி நாள் மாலையில் கோப்பு ஏறாமல் நிற்பது, டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகியிருப்பது, ஸ்கேன் செய்த கோப்பின் அளவு வரம்பைத் தாண்டிவிடுவது எல்லாம் அடிக்கடி நடப்பவை. இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றிவிடுங்கள்.

குறைந்த விலைக்குத்தான் எப்போதும் ஆர்டரா?

எல்லோரும் ஒரே மாதிரி தரக்கூடிய பொருள் என்றால் அனேகமாக ஆம். இந்தியாவில் எல்-1 என்று சொல்வது தேறியவர்களில் மிகக் குறைந்த விலை சொன்னவரைத்தான். ஆனால் ஆலோசனை, மென்பொருள், பராமரிப்பு போன்ற வேலைகளில் தரத்துக்கும் விலைக்கும் தனித்தனியே மதிப்பெண் வைத்துக் கூட்டுவது உண்டு. ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும்.

தரத்துக்கு 60 மதிப்பெண், விலைக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தரத்தில் நூற்றுக்கு 70 வாங்குகிறார், அவர் விலை 100. இரண்டாமவர் தரத்தில் 85 வாங்குகிறார், விலை 110. முதலாமவருக்குத் தரத்தில் 42. விலை அவருடையதுதான் குறைவு என்பதால் முழு 40. மொத்தம் 82. இரண்டாமவருக்குத் தரத்தில் 51. விலை மதிப்பெண்ணுக்கு, குறைந்த விலையை அவருடைய விலையால் வகுத்து 40-ஆல் பெருக்கினால் சுமார் 36.4. மொத்தம் 87.4. பத்து சதவீதம் கூடுதல் விலை சொன்னவர் வெல்கிறார்.

இது தெரியாமல், தரப் பகுதியில் இரண்டு வரி எழுதிவிட்டு விலையை மட்டும் கசக்கிப் பிழிந்து குறைப்பவர்கள் ஏராளம். மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று ஆவணமே சொல்கிறது. "பணியாளர் அனுபவத்துக்கு 20" என்று இருந்தால், உங்கள் ஆட்களின் அனுபவத்தைத்தான் விரிவாக எழுத வேண்டும். நிறுவனத்தின் வரலாற்றை மூன்று பக்கம் எழுதினால் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

சிறியவர்களுக்கான சலுகைகள்

போட்டியைச் சமமாக்க அரசுகள் சில வழிகளை வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1953-இன் சிறுதொழில் சட்டம் சிறுதொழில் நிர்வாக அமைப்பை உருவாக்கியது. கூட்டாட்சி அரசு நேரடியாகத் தரும் ஒப்பந்தத் தொகையில் 23 சதவீதம் சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்பது அங்கே இலக்கு. "இருவர் விதி" என்ற ஒன்றும் உண்டு: நியாயமான சந்தை விலையில் தரக்கூடிய சிறு நிறுவனங்கள் இரண்டாவது இருக்கும் என்று எதிர்பார்க்க முடிந்தால், அந்தக் கொள்முதலைச் சிறியவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும்.

இந்தியாவில் குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் கொள்கை 20 சதவீதத்தில் தொடங்கியது. 2018-இல் அது 25 சதவீதமானது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் இவ்வளவையாவது இந்த நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோருக்கு 4 சதவீதமும் பெண் தொழில்முனைவோருக்கு 3 சதவீதமும் உள்ஒதுக்கீடு. உங்கள் விலை எல்-1 விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்து, எல்-1 சிறு நிறுவனமாக இல்லாவிட்டால், அந்த விலைக்கு நீங்கள் இறங்கிவந்து ஒரு பகுதியை வழங்கும் வாய்ப்பும் உண்டு. டெண்டர் போடும்போதே கட்ட வேண்டிய, இ.எம்.டி. என்று சொல்லும் முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு.

ஐரோப்பிய வழி வேறு. அங்கே ஒதுக்கீட்டைவிடத் தடைகளைக் குறைப்பதில் கவனம். ஒப்பந்தத்தின் மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்றுமுதல் வேண்டும் என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரிக்காவிட்டால் ஏன் பிரிக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். எனக்கு இந்தப் பிரித்துக் கொடுக்கும் விதிதான் மிகவும் பிடித்தது. நாற்பது அலுவலகங்களுக்கான நாற்காலிகளையும் ஒரே டெண்டராகச் சேர்த்துக் கட்டிவிட்டால், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை வாசலிலேயே நின்றுவிடும். எவ்வளவு ஒதுக்கீடு கொடுத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

சலுகை எதுவும் தானாக வந்து சேராது என்பதை மறக்க வேண்டாம். இந்தியாவில், குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்ததைக் காட்டும் உத்யம் பதிவுச் சான்றிதழை இணைத்து, விலக்கு கோருவதாகக் குறிப்பிட வேண்டும். அந்தக் கொள்கை தாமே உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குப் பொருந்தாது. இது தெரியாமல் முன்வைப்புத் தொகை கட்டாமல் விட்டுவிட்டுக் கழிக்கப்படுபவர்கள் உண்டு.

வென்ற பிறகு வரும் நெருக்கடி

டெண்டர் கிடைக்காமல் போனதால் மூடிய பட்டறைகள் அதிகம் இருக்காது. கிடைத்த டெண்டரால் மூழ்கியவை உண்டு. ஆகவே இதைச் சற்று நின்று பார்ப்போம்.

ஒப்பந்த மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள், கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்துச் செலவு 85. லாபம் 15, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது, வேலையைச் சரியாக முடிப்போம் என்பதற்குப் பிணையாகப் பாதுகாப்பு வைப்பு கட்ட வேண்டும். 5 முதல் 10 சதவீதம் வரை கேட்பது பரவலான வழக்கம். குறைந்தபட்சமாக 5 என்று எடுத்துக்கொண்டாலும், அரசிடமிருந்து முதல் பணம் வருவதற்குள் உங்கள் கையிலிருந்து 90 போயிருக்கும். அது ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வாங்கிய கடன், பணம் வர ஆறு மாதம் ஆகிறது என்றால் வட்டி மட்டும் 5.4. பதினைந்து இப்போது பத்துக்கும் கீழே. இன்னும் ஆறு மாதம் இழுத்தால் ஐந்துக்கும் கீழே. இதில் தாமத அபராதமும் சேர்ந்தால் மிஞ்சுவது என்ன?

எனவே விலை போடும்போதே வட்டியையும் ஒரு செலவாக எழுதுங்கள். முன்பணம் உண்டா, பகுதி பகுதியாகப் பில் போடலாமா, பாதுகாப்பு வைப்பை வங்கி உத்தரவாதமாகக் கொடுக்கலாமா என்று கேள்வி கேட்கும் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். இந்தியாவின் 2006 சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் கெடு வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. உரிமை இருக்கிறது என்பது ஒன்று, அந்த 45 நாட்களைத் தாங்கும் பணம் கையில் இருப்பது வேறு. டிரெட்ஸ் என்ற தளங்களில் வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பில்லைக் காட்டி, சிறிது கழிவுக்கு முன்னதாகவே பணம் பெற முடியும். வாங்கும் அமைப்பு அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

சரக்கை இறக்கிய அன்றே பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பில் எண், ஒப்பந்த எண், அளவு எல்லாம் ஆர்டரில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். பில்லில் உள்ள சின்ன முரண்பாட்டுக்காகக் கோப்பு திரும்பி வந்தால் நாட்கள் வீண்.

அனுபவம் இல்லாமல் அனுபவம் பெறுவது

"மூன்று ஆண்டு அரசு வேலை அனுபவம் வேண்டும்" என்பார்கள். அரசு வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? முதல் அடியை வேறு பக்கமாக எடுத்து வைக்க வேண்டும். சிறு தொகைக் கொள்முதலுக்கு முழு டெண்டர் இல்லாமல், சில கொட்டேஷன்களை மட்டும் வாங்கி முடிவெடுக்கும் முறை எங்கும் உண்டு. அங்கே தகுதி நிபந்தனைகள் மெலிதாக இருக்கும். இருபது நாற்காலி கொடுத்தாலும், பணி நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வேலை முடிந்த சூட்டில் கேட்டால் கிடைக்கும். இரண்டு ஆண்டு கழித்துப் போனால் அந்த அதிகாரி மாறியிருப்பார்.

இன்னொரு வழி, பெரிய ஒப்பந்ததாரரிடம் துணை ஒப்பந்தம் எடுப்பது. உங்கள் பங்கு என்ன என்பதை எழுத்தில் வாங்கினால்தான் அது பின்னால் அனுபவமாகச் செல்லும். இரண்டு மூன்று சிறு நிறுவனங்கள் கூட்டாகவும் போடலாம், ஆனால் அதை ஆவணம் அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் வழிகாட்ட ஆள் உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் அரசு நிதியோடு நடந்துவரும் திட்டத்தின் மையங்கள் இன்று ஏபெக்ஸ் ஆக்சலரேட்டர்ஸ் என்ற பெயரில் இயங்குகின்றன. இந்தியாவில் 1955-இல் தொடங்கிய தேசிய சிறுதொழில் கழகம் இருக்கிறது. கமிஷனுக்கு டெண்டர் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் போகும் முன் இந்தக் கதவுகளைத் தட்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொழிலில் தெரிந்தவர் ஒருவர் வந்து, "சும்மா ஒரு கொட்டேஷன் கொடுங்க, என்னைவிடக் கொஞ்சம் கூடப் போடுங்க, மூணு பேர் வேணும்" என்பார். நட்புக்காகச் செய்யும் சின்ன உதவிபோலத் தோன்றும். அது கூட்டுச் சதி. இந்தியாவில் 2002-இன் போட்டிச் சட்டம் இதைத் தடை செய்கிறது, அபராதம் உண்டு. அமெரிக்காவில் 1890-இன் ஷெர்மன் சட்டப்படி சிறைக்கே போகலாம். பிடிபட்டால் கறுப்புப் பட்டியலில் சேர்த்துப் பல ஆண்டுகள் எந்த டெண்டரிலும் கலந்துகொள்ள முடியாமல் செய்துவிடுவார்கள். முகத்துக்கு நேராக மறுத்துவிடுங்கள்.

கடைசியாக, தோற்றால் என்ன செய்வது? காரணம் கேளுங்கள், எழுத்தில். கேட்பதற்குப் பல இடங்களில் கெடு உண்டு. அமெரிக்காவில் பேச்சுவார்த்தை முறையில் நடக்கும் கொள்முதல்களில், முடிவு தெரிந்த 3 நாட்களுக்குள் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கொள்முதல்களில், முடிவை மின்னஞ்சலில் அறிவித்தபின் குறைந்தது 10 நாட்கள் ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் காத்திருக்கும். முறையீடு செய்ய வேண்டுமென்றால் அந்த இடைவெளிக்குள் செய்ய வேண்டும். நம் பட்டறைக்காரர் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருந்தால், எந்தப் பக்கத்தில் கையெழுத்து விடுபட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். யாருக்கு எவ்வளவுக்குப் போனது என்ற விவரமும் பல தளங்களில் வெளியாகிறது. அதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். ஏழெட்டு டெண்டர்கள் சேர்ந்ததும், எந்தத் துறை எந்த மாதத்தில் என்ன வாங்குகிறது, யார் வழக்கமாகப் போட்டியிடுகிறார்கள், விலை எந்த எல்லைக்குள் முடிகிறது என்பது அந்த நோட்டிலிருந்தே தெரிந்துவிடும்.